இலக்குக்கு மேல் ஆறு பேர்

என் அண்ணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இருபத்திரண்டு வருடங்களாகத் தடுப்பூசி போடும் நர்ஸ். குழந்தைகளை வலிக்காமல் குத்துவாள், பெரியவர்களைப் பேச்சாலேயே குத்துவாள். அந்த வட்டாரம் முழுக்க அவளுக்கு 'ஊசியக்கா' என்றுதான் பெயர். நான் அவள் நாத்தனார். அதே சுகாதார நிலையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து எண்களைப் பதிவு செய்கிறவள். காலையில் சமையலறையில் ஒரு சண்டை, பகலில் மேசைக்கு மேசை ஒரு சண்டை என்று நாங்கள் நன்றாகவே வாழ்ந்துகொண்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் தலையாட்டித் தலையாட்டி என் அண்ணனுக்குத்தான் கழுத்து வலி வந்துவிட்டது.

இதுவரை போட்ட சண்டைகளில் பெரியது ஆறு குழந்தைகளால் வந்தது.

அந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் தட்டம்மை ஊசி போட வேண்டிய குழந்தைகள் இருநூறு பேர் என்று மேலிடத்திலிருந்து இலக்குக் கொடுத்திருந்தார்கள். அண்ணி போட்டு முடித்ததோ இருநூற்று ஆறு பேருக்கு. நூற்றுக்கு நூற்று மூன்று! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கணினியில் அந்தக் கட்டம் நூறைத் தாண்டினால் சிவப்பாகி முரண்டு பிடிக்கும். மணியோ ஐந்தாகிவிட்டது. நான் என்ன செய்தேன், இருநூற்று ஆறை இருநூறு ஆக்கினேன். கட்டம் சமர்த்தாகப் பச்சையானது. கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் மேலதிகாரி போனில் வாழ்த்துச் சொன்னார். நூறு வந்துவிட்டதால் இனி எங்களுக்கு வாரா வாரம் வெளியே போய் முகாம் போடும் வேலை இல்லை, அடுத்த மாதத்திலிருந்து முகாம் வண்டி வேறு வட்டாரத்துக்குப் போகும் என்றார். சந்தோஷப்பட வேண்டிய அண்ணி நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"இருநூத்தி ஆறு பேருக்குப் போட்டேன். நூறுன்னு எப்படி வந்துச்சு?"

"நூறுக்கு மேல அந்தக் கட்டம் ஒத்துக்கல அண்ணி. அதான் இலக்கைத் தாண்டிட்டோம்ல, விடுங்க."

"அந்த ஆறு பேரை எங்கடி வச்ச?"

"எங்கயும் வைக்கல. விட்டுட்டேன்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ ஆறு பிள்ளைங்களை மறைச்சிருக்கியே!"

எனக்கும் சுருக்கென்றது. "அவங்களுக்குத்தான் ஊசி போட்டாச்சே, அப்புறம் என்ன குறைச்சல்?"

"அவங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்ல. இருக்கிறதே இருநூறுன்னா, இருநூத்தி ஆறு பேர் எங்கேருந்து வந்தாங்க? கேப்பையில நெய் வடியுதுன்னு சொன்னா, கேக்கறவளுக்குப் புத்தி எங்க போச்சு? லிஸ்ட்ல இல்லாத ஆறு பேர் தேடி வந்திருக்காங்க. லிஸ்ட்லயும் இல்லாம, தேடியும் வராம எத்தனை பேர் இருக்காங்களோ?"

என் தலைக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. உலகத்திலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு புள்ளி. வலது பக்கம் போகப் போகத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் அதிகம், மேலே போகப் போக ஐந்து வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகள் அதிகம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் புள்ளிகள் வரிசையாக இறங்கும். ஊசி ஏற ஏறச் சாவு இறங்குகிறது. நல்ல தண்ணீர், வயிறாரச் சோறு, அம்மாவின் படிப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சரிவு. ஆனாலும் ஊசி இல்லாமல் இறங்குகிற வழியை நான் பார்த்ததில்லை. வலது ஓரத்தில் சில புள்ளிகள் மட்டும் இறங்காமல் மேலேயே நிற்கும். அண்ணி அதில் ஒன்றை விரலால் தட்டினாள்.

"எல்லாருக்கும் போட்டாச்சுன்னு சொல்றாங்க, பிள்ளைங்க செத்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு, வேற ஏதோ அங்க கொல்லுது. இல்லைன்னா எண்ணினவங்க சரியா எண்ணல. உன்னை மாதிரி ஒருத்தி அங்கயும் அஞ்சு மணிக்குப் பையை மாட்டியிருப்பா."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எனக்கே பாடம் எடுக்கிறாள்! கோபத்தில் அன்று மதியம் நான் அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை. அவளோ சாப்பிடவே இல்லை. பழைய தடுப்பூசி அட்டைகளின் நகல்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து அந்த ஆறையும் எடுத்துவிட்டாள். ஆறிலும் முகவரி ஒன்றுதான்: குழாய் யார்டு.

மறுநாள் ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இருவரும் போனோம். ஆள் உயரத்துக்கு சிமெண்ட் குழாய்கள் அடுக்கியிருந்த பெரிய மைதானம். அதற்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒன்றுக்கும் கதவு எண் இல்லை. எங்கள் பட்டியல் கதவு எண்ணை வைத்து எடுத்தது. குழாய்க்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள், இன்னொரு குழாயின் நிழலில் இரண்டு குழந்தைகள் தூங்கின. கதவு கதவாகத் தட்டி எண்ணினோம். மாலைக்குள் ஊசி போட வேண்டிய வயதில் ஐம்பது பேர் தேறினார்கள். அந்த ஆறு பேரைத் தவிர ஒருவரிடமும் அட்டை இல்லை. நாற்பத்து நான்கு குழந்தைகள்! எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசி வரிசையில் ஒரு சிறுமிக்கு உடம்பெல்லாம் தடித்து, கண் சிவந்திருந்தது. பார்த்ததுமே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது, தட்டம்மை. உடனே டாக்டரிடம் அனுப்பினாள். பக்கத்து வீட்டுக் குழந்தை முந்தின நாள்தான் முதன்முதலாக அந்தச் சிறுமியின் இடுப்பில் ஏறி நாள் முழுக்கச் சுற்றியிருந்தது. பத்து மாதப் பையன், குண்டுக் கன்னம். அவனுடைய அப்பா குழாய் வார்க்கிற தொழிலாளி. நீலக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஊசி வேணாம்மா. நீங்க பேரு எழுதுவீங்க. பேரு லிஸ்ட்ல ஏறுச்சுன்னா இங்க எத்தனை குடும்பம் இருக்குன்னு வெளிய தெரிஞ்சிடும். நாளைக்கே காலி பண்ணுங்கன்னு வந்து நிப்பாங்க."

"நோய் ஒட்டினதிலேருந்து மூணு நாளைக்குள்ள போட்டா காப்பாத்த வழி இருக்கு. ஒரு நாள் ஏற்கெனவே போயிடுச்சு."

"பொழைச்சுக்குவான். நாங்கல்லாம் ஊசி போட்டா வளர்ந்தோம்?"

வழக்கமான அண்ணியாக இருந்தால் இந்த இடத்தில் அந்த மனிதரை வறுத்தெடுத்திருப்பாள். நானும் காத்திருந்தேன். ஆனால் அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்கும் அப்ப நம்பர் இல்ல. ஒரு குடோனுக்கு மேல ஒரே ரூம். குடோன் ஓனர் யாருக்கும் தெரியாம வாடகைக்கு விட்டிருந்தார். பேரு குடுத்தா வெளிய அனுப்பிடுவாரோன்னு பயந்து, கணக்கெடுக்க வந்தவங்களுக்கு நானே கதவைத் திறக்கல. என் மூத்த பொண்ணு. இதே பத்து மாசம். இதே தட்டம்மை. ஆறு நாள் மூச்சு வாங்கிட்டுப் போயிட்டா. இந்த வேலையில சேர்ந்தப்புறம் பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷம் எங்க ஏரியாவுல ஊசிக் கணக்கு எத்தனை தெரியுமா? நூத்துக்கு நூத்தி ஒண்ணு."

இருபத்து நான்கு வருடங்களில் அவள் இதைப் பேசி நான் கேட்டதில்லை. பள்ளிச் சீருடையோடு நான் தூக்கித் திரிந்த குழந்தை அது. ஆறு பேரை எங்கே வைத்தாய் என்று அவள் என்னிடம் கேட்டது எதனால் என்று அப்போதுதான் உறைத்தது. அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை.

அவர் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வழிவிட்டார்.

"போடுங்கம்மா. ஆனா அட்ரஸ் கேட்டா நான் என்ன சொல்ல?"

"நான் எழுதிக்கிறேன். எங்க புத்தகம் ஊசிக்கு மட்டும்தான், வேற யார் கைக்கும் போகாது." முகவரிக் கட்டத்தில் 'நீலக் கதவு' என்று மட்டும் எழுதினாள். பையன் வீல் என்று கத்தினான், அடுத்த நிமிடமே அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரங்கள் அவள் தினமும் அங்கே போய்வந்தாள். சிறுமி தேறி எழுந்துவிட்டாள். பையனுக்குக் காய்ச்சல் வருமா, தடிப்பு வருமா என்று வீட்டில் எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பதினைந்தாம் நாள் மாலை, குழம்பில் உப்பு அதிகம் என்று நான் சொன்னதும் அண்ணி "ஆமா, கொஞ்சம் கூடிடுச்சு" என்றாள். சண்டை போடாமல் ஒத்துக்கொண்டாள் என்றால் பையன் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம்.

நான் முன்பு அனுப்பிய கணக்கைத் திருத்தினேன். அன்றைக்குப் போட்டிருந்தது இருநூற்று ஆறு, போட வேண்டியது இருநூற்று ஐம்பது. எண்பத்திரண்டு சதவீதம். மேலதிகாரி போனில் குதித்தார்.

"நூறா இருந்தது எண்பத்திரண்டா? கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆன கதையால்ல இருக்கு!"

"கழுதை தேயல சார். இப்பதான் அதை முழுசாப் பார்த்திருக்கோம். வண்டி இங்கயே இருக்கட்டும்" என்றாள் அண்ணி. இருந்தது.

மூன்று மாதத்தில் மீதிப் பேருக்கும் போட்டு முடித்தோம். இருநூற்று ஐம்பதுக்கு இருநூற்று ஐம்பது. கட்டம் பச்சையானது. இந்த முறை நான் எதையும் அழிக்கவில்லை. மணி நான்குதான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் குழாய் வார்க்கிறவர் வாசலில் வந்து நின்றார். தோளில் பையன், வாயில் விரல், இன்னும் கொஞ்சம் குண்டாகியிருந்தான்.

"அம்மா, நீங்க எண்ணாத வீடு ஒண்ணு இருக்கு. மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம், புதுசா வந்திருக்காங்க. கதவைத் திறக்க மாட்டாங்க, பயம். நான் கூட வந்து பேசுறேன்."

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"பத்து மாசம். பொம்பளப் பிள்ளை."

நான் கணினிப் பக்கம் திரும்பி, இருநூற்று ஐம்பது என்றிருந்த இடத்தில் இருநூற்று ஐம்பத்தொன்று என்று அடித்தேன். நூறு தொண்ணூற்று ஒன்பதாக இறங்கியது. அண்ணி எட்டிப் பார்த்தாள், என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள், ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டினாள்.

"செருப்பைப் போடுடி. இருட்டறதுக்குள்ள அவளைப் பார்த்துடலாம்."