மைக்கேல்ராஜ் ஆற்றுக்குப் போட்ட திட்டம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் மைக்கேல்ராஜைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவர் வருவதைக் கண்டால் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள். சைக்கிளில் போகிறவனை நிறுத்தி பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் பந்தல்காலை ஆட்டிப் பார்ப்பார். தன் கல்யாணத்திலேயே அப்படி ஆட்டி, மூங்கில் கையோடு வந்து, பந்தல் சரிந்து, பாயசமெல்லாம் மண்ணாகிப்போனது. "ஜனங்க உட்கார்ந்தப்புறம் விழுந்திருந்தா?" என்று மனிதர் பெருமையாக வேறு கேட்டாராம். அன்றைய மணப்பெண் யூனிஸ் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

எங்கள் தொழிற்சாலையில் அவருக்கு விபத்துத் தடுப்பு வேலை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை ஊதிவிட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டு, எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். யார் கையும் இயந்திரத்துக்குள் இல்லை என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குத்தான். சாப்பாட்டு வேளையில் ஊதினால்கூட சோற்றுக் கையோடு எழுந்து நின்றிருக்கிறோம். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். ஆனால் என் விரல்கள் எல்லாம் என்னிடமே இருப்பது அவரால்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், யூனிஸின் தம்பி நோயல் பட்டாளத்துச் சாமான் ஏலத்திலிருந்து மடக்கு படகு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கான்வாஸ் படகு. ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் வெள்ளைக்காரர்கள் மலை ஆற்றின் நுரைக்குள் துடுப்புப் போடும் படத்தைப் பார்த்ததிலிருந்து பையன் பையனாக இல்லை. குடகில் காவிரி பாறைக்குள் இறங்கி ஓடும் இடத்துக்குப் போயே தீருவேன் என்றான். தாய் தகப்பன் போனபிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் யூனிஸ். அழுதாள், பட்டினி கிடந்தாள், பாஸ்டரைக் கூட்டிவந்து ஜெபிக்கச் சொன்னாள். பாஸ்டர் ஜெபித்துவிட்டு, படகில் ஏறி உட்கார்ந்து பார்த்து, "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் யூனிஸ் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "என்னாங்க, நீங்களும் கூடப் போங்க. என் தம்பிய எனக்கு முழுசாக் கொண்டாந்து குடுக்கணும். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க இந்த வாசப்படி ஏறக் கூடாது."

மைக்கேல்ராஜுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே ஆகாது, அல்சூர் ஏரி பக்கம் பஸ் போனால் மறுபுற ஜன்னலுக்கு மாறி உட்காருகிறவர். "சரி" என்றார். சொன்ன கையோடு படகின் தையலை இழுத்துப் பார்க்கப் போனார்.

படகில் நான்கு பேர் ஏறலாம். நோயலும் அவரும் போக, எங்கள் தொழிற்சாலையிலிருந்து அடுகோடி முனிராஜையும் என்னையும் சேர்த்துக்கொண்டார். நோயலுக்கும் அங்கேதான் வேலை. பழகிய ஆட்கள் என்றால் சொன்னபடி கேட்பார்கள் என்பது அவர் கணக்கு.

பிறகு திட்டம் தொடங்கியது. மழைக்காலத்தில் போனால் ஆறு நம்மை விழுங்கும், கோடையில் போனால் ஆறே இருக்காது என்று ஐப்பசிக்குத் தள்ளினார். பாறையில் மோதினால் மண்டை தப்ப, ஆளுக்கொரு அலுமினியக் குண்டானைத் தலையில் கவிழ்த்து தாடையோடு நாடா கட்டச் சொன்னார். மிதப்பதற்கு ஸ்கூட்டர் ட்யூப். சிவாஜிநகர் சந்தையில் கிடைத்த ட்யூபையெல்லாம் வாங்கி, ராத்திரி முழுக்கத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிவைத்தார். ஒரு குமிழி வந்தாலும் அது தள்ளுபடி. தேறியவற்றைப் போட்டுக்கொண்டு என்னை அல்சூர் ஏரியில் மிதக்கச் சொன்னார். நான் மல்லாந்து மிதந்தேன். கரையில் கூட்டம் கூடிவிட்டது. குடும்பத்தில் என்ன சண்டை என்று ஒரு போலீஸ்காரர் என்னை இழுத்துப்போட்டு விசாரித்தார். "டெஸ்ட்டிங் சார்" என்று மைக்கேல்ராஜ் விளக்கியதில் விஷயம் இன்னும் மோசமானது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரிச்சர்ட்ஸ் பார்க்கில் ஒத்திகை. புல்தரையில் படகை விரித்து, குண்டானோடு உட்கார்ந்து, காற்றில் துடுப்புப் போட்டோம். பின்னால் அமர்ந்து அவர் "லெஃப்ட்! ரைட்!" என்று கத்துவார். கடலைக்காரன் எங்களால் நன்றாகப் பிழைத்தான்.

"மைக்கேலண்ணே, தண்ணியில ஒரு தபா பாத்துக்கினா நல்லாருக்கும்ல?" என்றான் முனிராஜ்.

"தண்ணியில ஒத்திகை ரொம்ப டேஞ்சர்யா" என்றார் அவர்.

பஸ்ஸுக்கு மேலே படகைக் கட்டிக்கொண்டு ஒருவழியாகக் குடகு போய்ச் சேர்ந்தோம். கரையில் நின்று, எங்கள் மூவருக்கும் அவரே ட்யூபை மாட்டி, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். நோயலின் முடிச்சை மட்டும் அவிழ்த்து இன்னொரு முறை போட்டார்.

முதலில் ஆறு சாதுவாகத்தான் இருந்தது. "இதுக்குப் பார்க்கே தேவல மாமா" என்று நோயல் சிரித்தான். அதற்குள் வளைவு வந்தது. தண்ணீர் பாறைகளுக்குள் புகுந்து வெள்ளை வெளேரென்று பொங்கியது. இரைச்சலில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. பின்னால் மைக்கேல்ராஜ் கத்தியிருக்கிறார். யார் காதிலும் விழவில்லை. இடப்பக்கப் பாறை நெருங்கி வந்தது. வேறு வழி தெரியாமல் விசிலை எடுத்து ஊதிவிட்டார்.

விசில் மட்டும் கணீரென்று கேட்டது. நாங்கள் துடுப்பைக் கீழே போட்டோம். எழுந்தோம். கையைத் தூக்கினோம். வருஷக்கணக்கில் பழகிய உடம்பு, புத்தியைக் கேட்கவே இல்லை. ஊதிய மனிதரும் பழக்கதோஷத்தில் எழுந்து கையைத் தூக்கிவிட்டார். பொங்குகிற காவிரிக்கு நடுவே குண்டான் கவிழ்த்த நான்கு பேர் கையை உயர்த்தி நின்றோம். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், வணக்கம் வைக்கிறோம் என்று நினைத்தோ என்னவோ, தானும் கையைத் தூக்கினாள். அப்புறம் படகு கவிழ்ந்தது.

நாங்கள் மூவரும் தக்கைபோல மேலே வந்தோம். மைக்கேல்ராஜ் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மார்பில் ட்யூப் இல்லை. "மாமா!" என்று நோயல் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. ட்யூபைப் பிய்த்தெறிந்துவிட்டு முங்கினான். முங்கி வந்தான், மறுபடி முங்கினான். இரண்டாவது தடவை சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். கரையில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினோம். தண்ணீராகக் கக்கினார். கண்ணைத் திறந்ததும் கேட்டது, "நோயலுக்கு அடி கிடி பட்டுச்சா?"

ஊர் வந்து சேர்ந்தோம். யூனிஸ் கேட்டிலேயே நின்றிருந்தாள். நோயலின் தலையை, கையை, முதுகைத் தடவிப் பார்த்து, "ஸ்தோத்திரம்" என்றாள். முழுசாக ஒப்படைத்தாயிற்று என்று மைக்கேல்ராஜ் நிமிர்ந்து நின்றார். நோயலுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, மாமா முழுகிப் போயிட்டாரு. அவருக்கு ட்யூபே இல்ல."

யூனிஸ் புருஷனைப் பார்த்தாள்.

"மூணு தான் தேறுச்சு" என்றார் அவர். "மத்ததுல குமிழி வந்துச்சு யூனிஸ். அதை எப்படி நம்பி ஒருத்தனுக்கு மாட்டுறது? நீ நோயலத்தானே கேட்ட."

அவள் காலிலிருந்த செருப்பைக் கழற்றினாள். அடிக்கப் போகிறாள் என்று முனிராஜ் குறுக்கே பாய்ந்தான். அவள் அடிக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே வாசப்படியில் உட்கார்ந்து கதறினாள்.

"தம்பி போனா நான் அழுதுக்கினாவது கெடப்பேன். நீங்க போயிட்டா அழுவுறதுக்கு நான் இருப்பேனாயா?"

மைக்கேல்ராஜ் ஆடிப்போனார். அவருக்கு அந்த விஷயம் அதுவரை தெரியாது என்பது முகத்தில் அப்படியே இருந்தது. மெல்ல அவளருகே குந்தினார்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா யூனிஸ்?" என்றார். "பிளான்ல சேத்திருப்பேனே."