ஆமென் ஆகாத ஜெபம்

ஜெபம் என்றதும் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கருவாட்டுக் குழம்பின் வாசனைதான். செஞ்சியில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். நைனா வாய்விட்டு ஜெபிப்பார், அம்மாவும் நானும் தம்பியும் முழங்கால் படியிட்டுக் கடைசியில் ஆமென் சொல்ல வேண்டும், எல்லாரும் சொன்ன பிறகுதான் அம்மா சட்டியைத் திறப்பாள். அதுவரை மூடி இடுக்கில் கசியும் அந்த வாசனையை மோந்துகொண்டே நாங்கள் பரலோகத்தை நினைக்க வேண்டும்.

நைனா பஸ் ஸ்டாண்டு பக்கம் கிணற்று மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். அனந்தபுரத்தில் பக்கத்து வீட்டுக்காரரைக் குழாயடியில் அறைந்ததால்தான் அந்த ஊரையே விட்டு வந்தோம். செஞ்சி வீட்டுக்காரர் சாவி கொடுக்கும்போதே, "சண்டை கிண்டைன்னு காதுல வுழுந்துச்சி, அன்னிக்கே காலி பண்ணிடணும்" என்று சொல்லியிருந்தார். எனக்கு அது மூன்றாவது பள்ளிக்கூடம். இன்னொன்றில் போய் மறுபடி கடைசி பெஞ்சில் உட்கார எனக்கு இஷ்டமே இல்லை.

நைனாவைச் சோதிக்கவென்றே கர்த்தர் பக்கத்து வீட்டில் ஏழுமலை என்பவரை வைத்திருந்தார். மனைவியை இழந்து தனியாக இருந்த விவசாயி. காலையில் அவர் வாசலில் நின்று "மல்லாட்டை"யை, அதாவது வேர்க்கடலையை, இறைத்தால் கோட்டை மலைக் குரங்குகள் அத்தனையும் இறங்கி வரும். தின்று முடித்ததும் எங்கள் கூரையில் ஏறி ஓட்டைப் பிரித்து விளையாடும். ஒரு நாள் குட்டி ஒன்று ஓடு விலகிய வழியாக நேராக நைனாவின் இட்லித் தட்டிலேயே இறங்கிவிட்டது. அவர் ஸ்பேனரோடு கிளம்ப, அம்மா வாசலை மறித்து நின்றாள். பகைவனுக்காக ஜெபிக்கச் சொல்லி வேதத்தில் இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள், ஸ்பேனர் எங்கேயும் ஓடிவிடாது என்றாள்.

அன்றிரவு நைனா வேதத்தமிழும் செஞ்சித் தமிழும் கலந்து ஜெபித்தார். "பக்கத்து வூட்டு ஏழுமலையின் கையை முடங்கப்பண்ணும் தகப்பனே, மல்லாட்டை எறைக்கிற அந்தக் கையை முடங்கப்பண்ணும். ஆமென்."

நானும் தம்பியும் பசி தாங்காமல் ஆமென் என்று கத்தினோம். அம்மா வாயைத் திறக்கவில்லை.

"இன்னா, தூங்கிட்டியா?"

"முழிச்சிக்கினுதான் இருக்கேன். ஆமென் சொன்னா அந்த ஜெபத்துல எனக்கும் பங்கு. நான் சொல்ல மாட்டேன். வேற மாதிரி பண்ணுங்க."

நைனா பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, முடங்க வேணாம் தகப்பனே, ஒரு வாரம் மட்டும் வலிக்கப்பண்ணும்" என்று இறங்கி வந்தார். அம்மா மசியவில்லை. "அவனுக்கு நல்ல புத்தி தாரும்" என்றார். அது ஜெபமில்லை, திட்டு என்றாள் அம்மா. கடைசியில் தம்பி அழ ஆரம்பித்த பிறகு, கசாயம் குடித்த மூஞ்சியோடு நைனா "அவனையும் ஆசீர்வதியும்" என்றதும்தான் சட்டி திறந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிறைவேறாத காரியம் எதுவானாலும் அதற்கு "ஆமென் ஆகலை" என்றுதான் பெயர்.

தினமும் வெறும் "ஆசீர்வதியும்" செல்லாது, இன்னது வேண்டும் என்று கேட்க வேண்டும் என அம்மா அடுத்த சட்டம் போட்டாள். ஆகவே சோறு ஆறிப்போகக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக நைனா ஏழுமலையின் கஷ்டங்களைத் தேட ஆரம்பித்தார். "அந்த ஆளுக்கு இன்னாடி பிரச்சனை? விசாரிச்சி வெய்யி" என்று காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போவார். முட்டி வலி என்று கொண்டு வந்தேன். அதை வைத்துச் சில இரவுகள் ஓட்டினார். திருப்பூரில் இருக்கும் மகன் போன் செய்வதே இல்லை என்று தெரிந்தது. அது இன்னும் கொஞ்ச நாள் ஓடியது. குரங்குகளுக்குத் தீனி போட்டது அவர் மனைவியின் பழக்கம், அவள் செத்த பிறகும் அவை வாசலில் வந்து உட்கார்ந்து வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அவர் அதைத் தொடர்ந்தார் என்று தெரிந்த அன்று, நைனாவுக்கு ஜெபமே வரவில்லை. அம்மா தானாகவே ஆமென் சொல்லிவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் குரங்குகள் ஒரு வரிசை ஓட்டையே சரித்துவிட்டன. படுக்கை, அரிசி, என் புத்தகப்பை எல்லாம் நனைந்தன. நைனா மழையில் இறங்கி ஏழுமலை வீட்டுக் கதவைத் தட்டினார். போச்சு, இந்தப் பள்ளிக்கூடமும் போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே," என்றார் நைனா, "ஏணி இருக்குதா?"

முட்டி வலிக்காரர் ஏணியைப் பிடித்துக்கொள்ள நைனா ஓடு மாற்றினார். இரண்டு பேரும் சேர்ந்து குரங்குகளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

இப்போது அந்த ஓட்டு வீடு இல்லை; அதை வாங்கி, இடித்து, மாடி வைத்துக் கட்டிவிட்டோம். ஏழுமலை பெரியப்பாவும் இல்லை, அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது, விடிந்தும் விடியாததுமாக நைனா எங்கள் வாசலில் நின்று மல்லாட்டையை இறைத்துக்கொண்டிருந்தார்.

"இதுங்க போவணும்னுதானே நைனா அவ்ளோ ஜெபம் பண்ணீங்க?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"பண்ணேன். ஆமென் ஆகலை" என்றார். பிறகு பூட்டிய வீட்டுப் பக்கம் பார்த்து, "அவருதான் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த மிச்சத்தையும் இறைத்தார்.