கோலக்குழல் வாங்கிய பிரம்மச்சாரி

ஒன்பது வயதில் எனக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது. சொந்தம் என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சங்கரன்கோவிலில் ரத வீதியிலிருந்து பிரிகிற சந்தில் எங்கள் வீடு; தெருவைப் பார்த்த ஜன்னல்தான் கடை. உள்ளே ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் நிற்பேன். கம்பி வழியாகச் சரக்கு வெளியே போகும், துட்டு உள்ளே வரும். சரக்கைச் செய்கிறவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அவள் ஜன்னலுக்குக் கீழே, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல், பலகையும் சுத்தியலும் ஆணியுமாக உட்கார்ந்திருப்பாள்.

அத்தை செய்தது கோலக்குழல். குனிந்து நிமிர்ந்து கையால் கோலம் இழுக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்த சாமான். ஒரு சாண் நீளத்துக்குத் தகரக் குழல், உடம்பெல்லாம் ஆணித் துளை. உள்ளே கோலமாவை நிரப்பித் தரையில் உருட்டினால், பூவும் கொடியுமாகக் கரை விழுந்துகொண்டே போகும். திருவிழாக் கடையில் விற்கிற குழலில் நாலு புள்ளியும் ஒரு வளையமும் இருந்தால் அதிகம். அத்தையின் குழலில் தாழம்பூ இருக்கும், வரிசையாகப் போகிற வாத்து இருக்கும், ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த ராட்டினம்கூட இருக்கும். எல்லாம் அவளே யோசித்தது. பிஸ்கட் டப்பாவை வெட்டி நிமிர்த்தி, கரித்துண்டால் வரைந்து, ஒவ்வொரு துளையாகத் தட்டுவாள். அம்மா அதைத் தகரக் கடையில் கொடுத்து உருட்டிப் பற்றவைத்து வாங்கி வருவாள். உருட்டும்போது தகரத்தின் இரண்டு ஓரமும் சேருகிற இடத்தில்தான் சூட்சுமம். அங்கே கொஞ்சம் பிசகினாலும் சுற்றுக்கு ஒரு தடவை கொடி அறுந்து விழும். அத்தையின் கொடி அறுந்ததே இல்லை.

அப்பாவுக்குக் கோயில் ஆபீசில் குமாஸ்தா வேலை. குமாஸ்தா வீட்டுப் பெண் தகரம் தட்டுகிறாள் என்று நாலு பேர் பேசுவது அவருக்குப் பிடிக்காது. ஆனால் தங்கையை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வராது. அதனால் ஒரு சட்டம் போட்டார்: வியாபாரம் ஜன்னலோடு சரி, ஜன்னலில் அத்தையின் முகம் தெரியக் கூடாது. என் முகத்துக்கு அப்படிப்பட்ட கௌரவம் எதுவும் கிடையாது என்பதால் கடை என் கைக்கு வந்தது.

அத்தைக்கு அப்போது இருபத்தைந்து தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகாததற்கு ஜாதகத்தில் செவ்வாய் என்று ஊருக்குச் சொன்னோம். நிஜத்தில் செவ்வாய் பாவம், ஒன்றும் செய்யவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம், கோவில்பட்டியிலிருந்து ஒன்று, இரண்டும் தாம்பூலத் தட்டு வரைக்கும் வந்து முறிந்தன. இரண்டு தடவையும் அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"அங்கன வந்தும் நான் குழல் செய்யலாமா?"

கோவில்பட்டி மாப்பிள்ளையின் அம்மா பட்டென்று எழுந்துவிட்டாள். "நாங்க மருமக தேடி வந்தோம், தகரக்கடை தேடி வரல" என்றாள். அவர்கள் போன பிறகு அப்பா வீடே அதிரக் கத்தினார். "இன்னொரு தடவ சுத்தியலப் பத்தி வாயத் தொறந்தே, அதத் தூக்கிக் கெணத்துல போட்டிருவேன்!" மறுநாள் காலையில் அத்தை சுத்தியலைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியது தெரிந்தது. புருஷனா சுத்தியலா என்று வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. நான் சுத்தியல் கட்சி. அத்தை புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் என் கடை என்ன ஆவது?

இந்தச் சமயத்தில்தான் அந்த வாடிக்கைக்காரர் வந்து சேர்ந்தார். கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வேட்டியில் எப்போதும் இரண்டு மூன்று நிறம் ஒட்டியிருக்கும். சைக்கிள் கடை மாடியில் ஓர் அறையில் தனியாக இருந்தார், மெஸ்ஸில் சாப்பாடு. வெள்ளிக்கிழமை தோறும் ஜன்னலுக்கு வந்து புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டு, இருப்பதை வாங்கிப் போவார்.

முதல் வாரம் நான் சந்தோஷப்பட்டேன். நாலாவது வாரம் எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. வாசல் இல்லாத மனுஷன், கோலம் போட வீட்டில் பெண்பிள்ளை இல்லாத மனுஷன், இவருக்கு எதற்குக் கோலக்குழல்? மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்குகிற கதையாக இருக்கிறதே! அதோடு அவர் கேட்கிற கேள்வியும் தொழிலைக் களவாட வந்தவர் கேள்வி மாதிரி இருந்தது.

"இதுல சேருத எடமே தெரியலயே. எப்படிச் செய்தாங்க?" என்பார், குழலைக் கண்ணுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"அது தொழில் ரகசியம்" என்பேன்.

"வாத்து எல்லாம் நடக்கு, கடைசி வாத்து மட்டும் திரும்பிப் பாக்கு. அது எதுக்கு?"

"வாங்குதவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு? துட்டக் குடுங்க."

அவர் குரல் கேட்டதும் கீழே சுத்தியல் சத்தம் நின்றுவிடும். அவர் போகும் வரை அத்தை மூச்சுக்கூட விடமாட்டாள். அவளுக்கும் சந்தேகம் தட்டிவிட்டது என்று முடிவு கட்டினேன். ஆனால் அத்தை சும்மா இருக்கவில்லை, முன்பைவிட வேகமாகப் புதுசு புதுசாகச் செய்தாள். மாதம் ஒன்று என்று வந்த கோலம் வாரம் ஒன்றாக வந்தது. போட்டிக்காரன் வந்தால் வியாபாரி இப்படித்தான் சுறுசுறுப்பாவான் என்று எண்ணிக்கொண்டேன். என் பங்குக்கு அவருக்கு மட்டும் விலையை ஏற்றிப் பார்த்தேன். அந்த மனுஷன் முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டுப் போனார், அதில் என் சந்தேகம் இன்னும் முற்றியது.

ஒரு நாள் அம்மா காப்பிப்பொடி வாங்க அனுப்பினாள். வழியில் காபி கிளப்புக்குப் புதுப் போர்டு மாட்டியிருந்தது. எழுத்தைச் சுற்றி, நாலு பக்கமும், பச்சையும் மஞ்சளுமாக ஒரு கரை. பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அது எங்கள் தாழம்பூ! காப்பிப்பொடியை மறந்து ரத வீதி முழுக்க ஓடினேன். சோடாக் கடைப் போர்டில் எங்கள் வாத்து நீந்தியது. சைக்கிள் கடைப் போர்டில் எங்கள் ராட்டினம். ஜவுளிக்கடையில் போன வெள்ளிக்கிழமைதான் விற்ற மாங்காய்க் கொடி, அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஊர் முழுவதும் அத்தையைத் திருடி அத்தைக்குத் தெரியாமல் மாட்டி வைத்திருக்கிறான்! எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லி அத்தையை இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு போர்டாகக் காட்டினேன். அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. கோபத்தில் கொதிக்கிறாள் போலும் என்று நினைத்தேன். சோடாக் கடைக்கு மட்டும் இரண்டாவது தடவையும் கூட்டிப் போகச் சொன்னாள்; அங்கே கடைசி வாத்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. காபி கிளப் முன்னால் தலையைச் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் நின்றாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, அண்ணன்கிட்ட இதச் சொல்லிராத, என்ன?"

என்னிடம் ஒன்றைச் சொல்லாதே என்று சொன்னால், விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இது எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். அத்தைக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று எனக்கு அன்றைக்கு ஆச்சரியம்கூட வரவில்லை.

அப்பா ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். கழற்றின சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் போர்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் நிறுத்தி விசாரணை நடந்தது. அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால். நான் அரசாங்கத் தரப்புச் சாட்சியாக அப்பா பக்கத்தில்.

"என் தங்கச்சி கைவேலையத் திருடி ஊரெல்லாம் எழுதி வச்சிருக்கீராமே, என்ன வே இது?"

"திருடல அண்ணாச்சி. ஒவ்வொண்ணும் துட்டுக் குடுத்து வாங்கினது."

"குழல வாங்கினீரு. கோலத்த வாங்கினீரா?"

குமாஸ்தா என்றால் சும்மாவா! அந்த ஒரு கேள்வியில் எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று துள்ளினேன். போர்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான் அண்ணாச்சி. இத யோசிச்சவங்களப் பாத்து ஒரு வார்த்த கேக்கணும்னுதான் வாராவாரம் வந்தேன். ஜன்னல்ல எப்பவும் இந்தப் பிள்ளைதான் நிக்கி. எதக் கேட்டாலும் துட்டக் குடுன்னு சொல்லுது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"காபி கிளப் போர்டுல தாழம்பூ தலைகீழா இருக்கு. மடல் மேல பாக்கணும்."

போர்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வசவு வாங்கின மனுஷன் மாதிரியே இல்லை. பரிசு விழுந்த மாதிரி கதவைப் பார்த்து நின்றார். "நாளைக்கே அழிச்சு எழுதிருதேன்" என்றார். "சோடாக் கட வாத்து?"

"அது சரியா இருக்கு" என்றது கதவு.

அப்பா கதவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "சரி, போயிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டார். அபராதம் இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு அதட்டல்கூட இல்லை! மறுநாள் காலை போர்டுக்காரர் காபி கிளப் வாசலில் ஏணி போட்டு, கொதிக்கிற வெயிலில் தாழம்பூவை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்து என்னால் முடிந்த மட்டும் முறைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு காரியங்கள் எனக்குப் புரியாத திசையில் போயின. அம்மா புளியங்குடிக்குப் பஸ் ஏறி இரண்டு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, போர்டுக்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு, முறைக்கும் மாமன் மகன் முறைதான் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அம்மா மனசு வைத்தால் யாரையும் யாருக்கும் முறையாக்கிவிடுவாள். அத்தைக்கு அவர்தான் மாப்பிள்ளை என்று சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது வியாபாரக் கவலைதான். ஊரிலேயே நல்ல வாடிக்கை, பேரம் பேசாத வாடிக்கை. வீட்டு மாப்பிள்ளை ஆகிவிட்டால் இனி எல்லாவற்றையும் ஓசியில் அல்லவா எடுத்துக்கொண்டு போவார்? யாரிடம் சொல்லி அழ?

நிச்சயதார்த்தத்துக்கு அவர் பக்கத்தில் ஒரு சித்தப்பாவும் சித்தியும் மட்டும் வந்தார்கள். தாம்பூலத் தட்டு நடுவில் இருந்தது. அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு, கிணற்றையும் சொல்லிப் பயமுறுத்தியாயிற்று. புடவை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாளே தவிர அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் பேசி முடித்துத் தட்டைத் தூக்கப் போனார்கள். அப்பா கையை நீட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம் மாப்ள. இவ தகரம் தட்டுவா. காலையில தொடங்கினா பொழுது சாயுத வரைக்கும் சத்தம் கேக்கும். அங்கன வந்தும் தட்டுவா. உமக்கு அது சம்மதமா?"

போர்டுக்காரர் நிமிர்ந்து, "அந்தச் சத்தம் நின்னா எனக்குப் பொழப்பு இல்ல அண்ணாச்சி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் கட்டிக் காத்த கடை. நாங்கள் செய்கிறோம், நாங்கள் விற்கிறோம். திருடன் என்று பிடித்துக்கொண்டு வந்த மனுஷனிடம் போய் அனுமதி கேட்கிறாரே அப்பா, இவருக்கு மூளை இருக்கிறதா இல்லையா?

"இது எங்க வியாபாரம்! அவருகிட்ட எதுக்குக் கேக்கிய?" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் சித்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கதவுக்குப் பின்னால் அத்தை மட்டும் விசும்பிக்கொண்டிருந்தாள். நம் பக்கம் நியாயம் பேச ஒருத்தியாவது இருக்கிறாளே என்ற நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவும் சிரிக்கவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தை மூடி அழுத்தித் துடைத்தார், எடுத்துவிட்டு மறுபடியும் துடைத்தார். பாவம், அப்படி வேர்க்கிறது போலும் என்று உள்ளே ஓடிப்போய் விசிறியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.