பதினொன்று இருபதுக்கு அடித்த லாங் பெல்

பச்சையம்மா ஜெயித்தவை என்று எடுத்துச் சொன்னால் மொத்தம் ஐந்து.

1974இல் நிறைமாத வயிற்றோடு திருநீர்மலைப் படி ஏறிக் காட்டுகிறேன் என்று மாமியாரிடம் பந்தயம் கட்டி, ஏறி, இறங்கியும் வந்தாள். பிள்ளை மறுநாள்தான் பிறந்தது. 1978இல் மேற்குத் தாம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆயா வேலைக்கு ஆறு பேர் வந்தார்கள். அதில் எழுதப் படிக்கத் தெரியாதவள் இவள் ஒருத்திதான். ஆனால் வேப்பமரத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை அவள் அடித்த அடி மூன்று தெரு தள்ளிக் கேட்டது. வேலை அவளுக்கே கிடைத்தது. 1983 கோடையில் பீர்க்கன்கரணையில் இருபத்திரண்டு குடங்களை ரோட்டின் குறுக்கே வரிசையாக வைத்து பஸ்ஸை நிறுத்தி, தெருவுக்குக் குழாய் வாங்கிக் கொடுத்தாள். 1986இல் பள்ளி ஆண்டுவிழா மியூசிக்கல் சேரில் டிரில் மாஸ்டரை இடுப்பால் ஓர் இடி இடித்து முதல் பரிசு வாங்கினாள். அந்த எவர்சில்வர் டபரா இன்றும் வீட்டில் இருக்கிறது.

ஐந்தாவதுக்குப் பரிசு எதுவும் இல்லை. ஆனால் பெரியது அதுதான்.

பச்சையம்மாவுக்குப் பதினைந்து வயதிலிருந்து புகையிலைப் பழக்கம். இடது கன்னம் எப்போதும் கொஞ்சம் உப்பியே இருக்கும். புதிதாக வந்த டீச்சர்கள் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். அதையும் சேர்த்து மென்றுவிடுவாள்.

1989 ஆகஸ்ட் முதல் வாரத்தில், பையன்கள் பாத்ரூமுக்குப் பின்னால் பெருக்கும்போது சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டியூப்கள் நசுங்கிக் கிடந்தன. நான்கு நாளில் ஒன்பது டியூப். பாவம், பிள்ளைகளின் சைக்கிள் இத்தனை பஞ்சர் ஆகிறதே என்று அவள் கேட் வாசலில் முள் கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மூன்று தடவை பெருக்கினாள்.

எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அதே இடத்தில் ஒரு கைக்குட்டை ஈரமாகக் கிடந்தது. மூலையில் பச்சை நூலில் அழகான கொடி வேலை. யாருடைய வீட்டு எண்ணெய் வாசனை என்று பார்த்தால் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்து, மூக்கில் வைத்து நன்றாக இழுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். லாங் பெல் அடித்தது. எண்ணூற்று நாற்பது பிள்ளைகள் நான்கே நிமிடத்தில் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஹெட்மாஸ்டர் தோத்தாத்ரி கையில் சாக்பீஸோடு ஓடிவந்தார்.

“பச்சையம்மா! மணி என்ன இப்போ?”

“நாலு பத்து சார்.”

“பதினொண்ணு இருபது!”

“அப்ப எதுக்கு சார் பசங்கோ எல்லாம் வூட்டுக்குப் போவுது?”

சாயங்காலம் வரை வாந்தி எடுத்தாள். இரண்டு நாள் தலைவலி. அவளுடைய சாப்பாட்டுத் தூக்கு மூன்றாம் நாள் சயின்ஸ் லேபில், எலும்புக்கூட்டின் காலடியில் கிடைத்தது.

தோத்தாத்ரி சார் டியூப்களை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். “இத மோந்து போதை ஏத்திக்கறது யார்னு தெரிஞ்சாகணும். தெரிஞ்ச அன்னிக்கே டி.சி.” என்றார்.

பச்சையம்மா டியூப்களைக் கொடுத்தாள், கைக்குட்டையைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் அதை வகுப்பு வகுப்பாகக் காட்டுவார், யாராவது ஒருவன் இன்னொருவனைக் காட்டுவான். நான்கு வருஷத்துக்கு முன் இதே பள்ளியில் டி.சி. வாங்கிப் போன ஒருவன் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பான். காலையில் வேலைக்குப் போகும்போதும் இருப்பான், மாலையில் திரும்பும்போதும் இருப்பான். அந்த இடத்தில் இன்னொருவன் உட்காரக்கூடாது என்பதுதான் அவள் எண்ணம். கைக்குட்டையைத் துவைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தக் கொடி வேலைக்குள், இலையும் தண்டுமாக வளைத்து வளைத்து, பையனின் அக்கா அவன் பெயரைப் பின்னியிருந்தாள். பத்தாம் வகுப்பு ‘பி’யில் படித்த சிட்டிபாபுவின் பெயர்.

பதினெட்டாம் தேதி நகரத்திலிருந்து ஒரு நிபுணர் போதைப்பொருள் பற்றிப் பேச வந்தார். பதினோரு போதைப்பொருள்களின் பெயரைப் போர்டில் எழுதினார். சயின்ஸ் வகுப்பில் பென்சில் கூடத் தொடாத பத்தாம் வகுப்பு ‘பி’ அன்று அத்தனையையும் எழுதி எடுத்துக்கொண்டது.

“சார், நாலாவது சரியா தெரியல, ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்” என்றான் சவுரிமுத்து.

தோத்தாத்ரி சார் பதறிப்போய் போர்டைத் தானே துடைத்தார். “ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி. இப்போ நம்ம பச்சையம்மா ரெண்டு வார்த்தை பேசுவா” என்று சொல்லிவிட்டார். மேடை ஓரம் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றிருந்த பச்சையம்மா யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள்.

“எனுக்குப் பேசத் தெரியாதுப்பா. நான் அத்த ஒருவாட்டி மோந்தேன். லாங் பெல்லு அடிச்சேனாம். நீங்கல்லாம் கை தட்டிகினு போனீங்களாம். எனுக்குத் தெரியாது. அந்த அரை மணி நேரம் எங்க போச்சுன்னே தெரியல. இன்னி வரைக்கும் தேடிகினு கீறேன். தூக்கு கிடைச்சிட்சு. அரை மணி நேரம் கிடைக்கல.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“ஒரு வாட்டிக்கே எனுக்கு அரை மணி போச்சு. தெனம் மோக்கறவனுக்கு எத்தினி போவும்? கணக்கு டீச்சர் சொல்லட்டும்.”

அப்போது சிட்டிபாபு எழுந்தான். “ஆயா, ஒரு டவுட்டு. உன் வாய்ல இன்னா?”

ஹால் அதிர்ந்தது. நிபுணரே சிரித்துவிட்டார். பச்சையம்மா கன்னத்து உப்பலை வலப்பக்கம் மாற்றினாள். அது அந்தப் பக்கமும் தெரிந்தது.

“பொயிலைதான்டா.”

“அத வுடு பாப்போம். அப்பால எங்களாண்ட பேசு.”

பச்சையம்மா மேடையை விட்டு இறங்கி, வேப்பமரத்தடிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

“வுட்டேன். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு. அம்மனுக்கு இருக்கற மாதிரி இருப்பேன். நான் இருந்துட்டா, மோக்கறவனும் வுட்றணும். செரியா?”

தோத்தாத்ரி சார் யோசித்துவிட்டு மைக்கைப் பிடித்தார். “நாற்பத்தெட்டாம் நாள் டியூபெல்லாம் என் மேஜைக்கு வந்துடணும். பேர் கேக்க மாட்டேன். பச்சையம்மா தோத்தா, அத்தனை பேர் பையையும் சோதனை போட்டு டி.சி. குடுத்துடுவேன். ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதறேன்.”

“ஆயா கைநாட்டு சார்” என்றான் ஒருவன்.

“கைநாட்டு செல்லாது சார். அப்பால இது என் வெரலே இல்லன்னுடும்” என்றான் சவுரிமுத்து.

“நான் கையெழுத்து கத்துத் தர்றேன் சார்” என்று முன்வந்தான் சிட்டிபாபு. எல்லோருக்கும் ஆச்சரியம். பச்சையம்மா இறங்கி நடந்தபோது அவள் இடுப்பில் பச்சை நூல் கொடி தெரிந்ததை அவன் ஒருவன்தான் பார்த்திருந்தான்.

அந்த நாற்பத்தெட்டு நாளை யாரும் மறக்க மாட்டார்கள். தினமும் பிரேயருக்கு முன்னும், மத்தியானமும், “ஆயா, வாயத் தொற” என்று சவுரிமுத்து டார்ச் அடித்துப் பார்ப்பான். முதல் வாரம் அவள் கைக்குக் கிடைத்ததை எல்லாம் மென்றாள். புளியங்கொட்டை, துடைப்பக் குச்சி, ஒரு நாள் சாக்பீஸ். ஆறாம் நாள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரியை, “காலைத் தூக்கு, பெருக்கணும்” என்று அதட்டினாள். பதினோராம் நாள் கை நடுங்கி மணியடிக்கும் கம்பி நழுவிக் கால் விரலில் விழுந்தது. அன்று மணியே அடிக்காமல் மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள்.

“இன்னாடா மச்சான், பொயிலைக்கே இம்மா பேஜாரா?” என்று சவுரிமுத்து மெதுவாகக் கேட்டான். நிபுணர் போர்டில் எழுதாதது அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

பாடம் தினமும் மத்தியானம் நடந்தது. எழுத்தைச் சொல்லிக் கொடுத்தால் அவள் கைக்குட்டையைப் படித்துவிடுவாள் என்று சிட்டிபாபுவுக்குப் பயம். அதனால் எழுத்தே சொல்லிக் கொடுக்காமல், கையெழுத்தை மட்டும் கோலமாகக் கற்றுக் கொடுத்தான். புள்ளி வை, வளை, இந்தப் புள்ளியைச் சுற்றி வா. பச்சையம்மாவுக்கு அது சுலபமாக வந்தது. எது ‘ப’, எது ‘மா’ என்று தெரியாமலே அவள் பெயர் தரையில் விழுந்தது.

“அந்தக் கர்ச்சீப் யார்து ஆயா?” என்று நடுநடுவே கேட்டுப் பார்ப்பான்.

“தெரியலடா. கொடி வேலை நல்லா கீதுன்னு வச்சிகினு கீறேன்.”

நாற்பத்து மூன்றாம் நாள், செப்டம்பர் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. கொடிக் கம்பத்துக்கு முன்னால் கோலம் போடுவது அவள் வழக்கம். வளைத்து வளைத்துப் பழகிய கைக்குப் புதிதாக ஏதாவது போட ஆசை. தன் பெயரைத் தானே போட்டுக்கொள்வது பெருமையடிப்பதாக இருக்கும் என்று பட்டது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தாள். அந்தக் கொடியையே, இலை விடாமல், தண்டு விடாமல், எட்டடி அகலத்துக்குப் போட்டு முடித்தாள்.

பிரேயருக்கு வந்த பத்தாம் வகுப்பு ‘பி’ கோலத்தைப் பார்த்தது. சிட்டிபாபு என்று வெள்ளை வெளேரென்று இருந்தது.

“மச்சான், உன்ன சாமியாக்கிட்டாடா!” என்றான் சவுரிமுத்து. சொன்ன மறுநொடி, அது சிட்டிபாபு தொலைத்த கைக்குட்டையின் கொடி என்று அவனுக்குப் புரிந்தது. நாற்பத்தோரு பேரும் போய்க் கோலத்தின் மேல் நின்றார்கள். நின்ற இடத்திலேயே காலைத் தேய்த்தார்கள்.

தோத்தாத்ரி சார் வந்தார். “ஏன்டா இங்க நிக்கறேள்? உங்க வரிசை அந்தப் பக்கமில்லையா?”

“அங்க வெயில் சார்.”

வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சார் கீழே பார்த்தார். ஒரு ‘சி’யும் அரை ‘ட்’டும் காலுக்கிடையில் மிச்சம் இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; திரும்பப் போடவில்லை.

“பச்சையம்மா, கோலம் ரொம்பப் பெரிசா இருக்கு. ஒரு குடம் தண்ணி ஊத்திடு” என்றார்.

“நல்லாத்தானே சார் கீது?”

“நன்னாத்தான் இருக்கு. ஊத்து.”

மத்தியானம் சிட்டிபாபு தனியாக வந்து, அது என்ன கோலம் என்று சொன்னான். பச்சையம்மா கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுவா உன் பேரு? நல்லா வளைவா கீதுடா.” பிறகுதான் அவள் முகம் மாறியது. “அடப்பாவி, நானே உன்னக் காட்டிக் குடுத்துட்டேனா?”

“நடுவுல ரெண்டு வாட்டி மோந்துட்டேன் ஆயா. பொய் சொல்ல மாட்டேன்.”

“நான் மூணு வாட்டி பொட்டிக்கடை வரைக்கும் போனேன். கடைக்காரன் இன்னா வோணும்னான். நெருப்புப் பெட்டின்னேன். வூட்ல மூணு நெருப்புப் பெட்டி சும்மா கெடக்குது.”

அவன் டிபன் பாக்ஸைத் திறந்தான். உள்ளே இரண்டு டியூப்கள் இருந்தன. “இத்த நீயே வச்சிக்க ஆயா. அஞ்சு நாளு என்னாண்ட இருந்தா தாங்காது.” அவள் வாங்கி, வழக்கமாகப் புகையிலை வைக்கும் சுருக்குப் பையில் போட்டு இறுக்கினாள். அந்தப் பை நாற்பத்து மூன்று நாளாகக் காலியாகவே இருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் ஹெட்மாஸ்டர் மேஜையில் ஐந்து டியூப்கள் சேர்ந்தன. மற்ற மூன்றும் யாருடையவை என்று சார் கேட்கவில்லை. சவுரிமுத்து கடைசியாக ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்து, “க்ளீன் சார்” என்றான். உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு பக்கம் பத்தாம் வகுப்பு ‘பி’ முழுவதும், மோந்தவனும் மோக்காதவனும், வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தது. மறுபக்கம் காலியாக இருந்தது.

பச்சையம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். முதலில் புள்ளி வைத்தாள். சிட்டிபாபு வாய்க்குள் எண்ணினான். ஒவ்வொரு புள்ளியாகச் சுற்றி வந்து, கடைசி வளைவை முடித்து, கையைத் தூக்கினாள். கோலப்பொடியை ஊதுவது போல் காகிதத்தை ஒருமுறை ஊதினாள். கீழே தேதியை சாரே எழுதினார்: 1989 அக்டோபர் 4, புதன்கிழமை.