காத்தை இறக்கு

என் பெயர் கோகிலவாணி. குயில் குரல்காரி என்று அர்த்தமாம், அப்பா ஆசையாக வைத்தது. அப்படி வைத்த மனுசன் என்னைக் கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்தது போர்வெல் போடும் ஒரு ரிக் வண்டிக்காரருக்கு. கட்டிக்கொடுத்தபோது சென்றாயனுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. (புருசன் பேரைச் சொல்லலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். எழுத்தில் சொன்னால் ஆயுசு குறையாது.) முப்பத்தொரு வருசம் போர் போடும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றதில் அந்தக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. இப்போது நான் கூவினாலும் ஒன்றுதான், குக்கர் கூவினாலும் ஒன்றுதான்.

திருச்செங்கோட்டில் இது பெரிய விசயமில்லை. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒருவர் ரிக்கில் போனவர், எல்லாரும் கொஞ்சம் கத்தித்தான் பேசுவார்கள். இவர் ராஜஸ்தான் போனார், சத்தீஸ்கர் போனார், கடைசியாக டான்சானியாவில் ஆறு வருசம். மகள் பிறந்ததைப் போட்டோவில் பார்த்தவர். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று மண்ணைக் கையில் வைத்துச் சொல்வார், வீட்டில் குடிதண்ணீர் கேன் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்பார்.

ரிக்கில் யாரும் வாயால் பேசுவதில்லை, கைதான். கட்டைவிரல் மேலே என்றால் ராடைத் தூக்கு. விரலைச் சுழற்றினால் திருப்பு. கையை விரித்து மெதுவாகக் கீழே இறக்கினால் கம்ப்ரசர்க்காரருக்கு, காத்தை இறக்கு, அதாவது அழுத்தத்தைக் குறை. வீட்டிலும் எங்களுக்கு அந்தப் பாசைதான். சாதம் வைக்கட்டுமா என்பதற்குக் கட்டைவிரல். தோசையைத் திருப்பட்டுமா என்பதற்குச் சுழற்றல். அவர் கோபத்தில் எகிறினால் நான் கையை விரித்து இறக்குவேன். என்ன கத்தினாலும் அந்தச் சைகைக்கு மட்டும் அடங்கிவிடுவார், முப்பது வருசப் பழக்கம்.

போன ஆனி மாதம் டான்சானியாவிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இரண்டு வருச ஒப்பந்தம். இவருக்கு வயது ஐம்பத்தேழு. காது கேட்காதே என்றால், ரிக்கில் காது எதற்கு என்கிறார்கள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் பீரோ மேலிருந்து இறங்கி டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அவர் போகக் கூடாது. அவ்வளவுதான், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொல்ல ரிக்கில் சைகை கிடையாது. அவர் காதில் விழும்படி சொன்னால் தெருவுக்கே விழும். ஒரு பெண்டாட்டி புருசனைப் போகாதே என்று கேட்பதைத் தெரு எதற்குக் கேட்க வேண்டும்? அதனால் நான் பாஸ்போர்ட்டைத் துடைத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில்தான் படகு வந்தது.

மல்லசமுத்திரம் பக்கம் ஈஸ்வர் என்று ஒரு தம்பி. ஆஸ்திரேலியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, ஏரிக்கரையில் தோட்டம் வாங்கித் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார். ஊர்ப் பெயரில்தான் சமுத்திரம் இருக்கிறதே, அதில் பாய்மரம் ஓடினால் என்ன என்று அவருக்கு ரோசனை. அங்கிருந்து ஒரு படகைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். நடுவில் ஒரு படகு, இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் இரண்டு மிதவை. கைகளை மடக்கினால் டிரெய்லரில் ஏற்றி ரோட்டில் இழுத்துப் போகலாம். வந்த வழியில் ஒரு கையின் கீல் வளைந்துவிட, நிமிர்த்துவதற்குத் திருச்செங்கோட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். வேலை இல்லாத நாளெல்லாம் இவர் குந்தியிருப்பது அந்தப் பட்டறையில்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஏம்புள்ள, ஒரு படகு வந்திருக்குது. அது படகே இல்ல, நம்ம ரிக்கு" என்றார். கீரை வடியும் கையாலேயே விளக்கினார். ரிக் லாரி நின்றதும் ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் ஜாக்கி இறக்குகிறோம், அது அந்த மிதவை. படுத்திருக்கும் மாஸ்டை, அந்த உயரக் கம்பத்தை, தூக்குகிறோம், அங்கேயும் பாய் கட்ட அதே மாஸ்ட், அதே பேர். "நாங்க காத்தைக் கீழ அனுப்புவோம். இதுல காத்து தானா வருது. டீசலே வேண்டாம்."

"அதுக்கென்ன இப்ப? உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று நீந்திக் காட்டினேன். எங்கள் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்திப் பழகியவள் நான். இவருக்குத் தண்ணீர் என்றால் கீழே இருக்க வேண்டும், காலுக்கு மேலே வரக் கூடாது.

கீல் நிமிர்ந்ததும் படகுக்குப் பின்னாலேயே ஏரிக்கும் போய்விட்டார். அங்கே நடந்ததை ஈஸ்வர் தம்பிதான் பிறகு எனக்குச் சொன்னார். ஏரி மேட்டில் டிரெய்லரை நிறுத்தி மாஸ்டைத் தூக்க இரண்டு பேர் கை வைத்திருக்கிறார்கள். இவர் ஓடிப்போய் மாஸ்ட் மேலேயே உட்கார்ந்துகொண்டாராம். ஏனென்று கேட்டால் வானத்தைக் காட்டியிருக்கிறார். தலைக்கு நேர் மேலே பம்புசெட்டுக்குப் போகும் கரண்ட் கம்பி. அந்தத் தம்பி படகைப் பார்த்தாரே தவிர மேலே பார்க்கவில்லை. ஆந்திராவில் ஒரு முறை மாஸ்ட் கம்பியில் பட்டதில் கூட வேலை செய்தவரை இழந்தவர் இவர். அந்தப் பேரை இன்றைக்கும் வீட்டில் சொல்ல மாட்டார். டிரெய்லரைக் கம்பியில்லாத இடத்துக்கு இழுக்கவைத்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

மறுநாள் ஈஸ்வர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, அண்ணனையே படகு ஓட்ட வெச்சுக்கலாம்னு இருக்கறேன். காத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுக்கறேன். மத்ததெல்லாம் அவருக்கே தெரியுது. வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ்ல இருந்து ஒரு மேடம் வந்து ஏறிப் பாப்பாங்க. அவங்க சரின்னா வேலை நிரந்தரம்."

வெள்ளி. சனிக்கு முந்தைய நாள். நான் காப்பிக்கு இரண்டு முறை சர்க்கரை போட்டுவிட்டேன். தம்பி அதையும் குடித்து முடித்தார்.

அதன்பின் ஐந்து நாளும் காலையில் ஏரியில் ஈஸ்வரோடு பழக்கம், மிச்ச நேரம் வீடே ஏரியானது. தண்ணீரில் முழுகாமலிருக்க ஈஸ்வர் கொடுத்த மிதவைச் சட்டையை இவர் கழற்றவேயில்லை. அதைப் போட்டுக்கொண்டு டிவி பார்த்தார், அதைப் போட்டுக்கொண்டு ரேசன் கடைக்குப் போனார். கட்டில் காலில் கயிறு கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து, டேபிள் ஃபேனை எதிரில் வைத்துக்கொண்டு என் போர்வையைப் பாயாக்கினார். படகோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் படங்களை மட்டும் பார்த்து எனக்குப் பாடம் வேறு. மாஸ்டைக் கரையிலேயே தூக்கலாம், பாயை மட்டும் தூக்கக் கூடாது, படகின் இரண்டு கையும் விரிந்து போல்ட் பூட்டிய பிறகுதான். மிதவைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று முதலில் திறந்து பார். கயிற்றைக் கையில் சுற்றாதே.

எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. காற்று வெறி பிடித்து அடித்தால் பாய்க் கயிற்றை விட்டுவிட வேண்டுமாம். விட்டால் பாய் படபடத்துக் காற்று ஒழுகிவிடும், படகு நிமிரும். இவரால் விட முடியவில்லை. நான் ஃபேனை மூன்றில் வைத்தால் கயிற்றை இன்னும் இறுக்கினார். ரிக்கில் ராடு சிக்கினால் லிவரை விட்டவன் கெட்டான், அதுதான் அவர் முப்பத்தொரு வருசம் படித்த படிப்பு. கட்டில் நகர்ந்து என் கால் மேல் ஏறியது. வலித்தது கால், பயந்தது மனசு. இந்தக் கயிற்றை இவர் விட்டால்தான் இங்கே இருப்பார், விடாவிட்டால் விமானம் ஏறுவார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏரிக்கு நானும் போனேன். இன்சூரன்ஸ் மேடம் ஜாக்குலின் சேலத்திலிருந்து வந்திருந்தார். சிரிக்காத முகம், கையில் ஒரு அட்டை, அட்டையில் கேள்விகள். இவர் முதலில் வானத்தைப் பார்த்தார், பிறகு தென்னந்தோப்பின் மட்டைகள் ஆடுவதைப் பார்த்தார். மிதவைகளைத் திறந்து பார்த்தார். படகு தண்ணீரில் இறங்கியதும் கைகளை விரித்து ஒவ்வொரு போல்ட்டாகப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்ததை மறுபடி இழுத்துப் பார்த்தார். காற்று அதிகம் என்று பாயை ஒரு மடிப்பு மடித்துச் சின்னதாக்கிக் கட்டினார். ஜாக்குலின் எழுதிக்கொண்டே இருந்தார்.

"எடை பத்தல. இன்னொருத்தர் பயணி மாதிரி உக்காருங்க" என்றார் மேடம். ஈஸ்வர் கரையில் நின்று பார்க்க வேண்டுமாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நானுங்களா?" என்றேன். முப்பத்தொரு வருசத்தில் இவர் ஏறிய எந்த வண்டியிலும் எனக்கு இடம் இருந்ததில்லை. புடவைக்கு மேல் மிதவைச் சட்டையை மாட்டி, மிதவைக்கும் படகுக்கும் நடுவே கட்டிய வலையில் மேடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேலே நான், கீழே தண்ணீர், நடுவில் வெறும் ஓட்டை. அட கெரகமே என்று முனகிக்கொண்டேன்.

தோப்பு மறைவில் போனவரை சுகமாக இருந்தது. சத்தமே இல்லை. கம்ப்ரசர் இல்லாத வண்டியை இவர் ஓட்டி இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் கயிறு, பல் தெரியச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தோப்பு முடிந்த இடத்தில் மேற்கிலிருந்து காற்று அறைந்தது. எதிர்ப் பக்கத்து மிதவை தண்ணீருக்குள் அமுங்கியது. நானும் மேடமும் உட்கார்ந்திருந்த பக்கம் தண்ணீரை விட்டு எழும்பிக்கொண்டே போனது. அட்டை பறந்து ஏரியில் விழுந்தது. இவர் கண் பாயிலேயே இருக்க, கை கயிற்றை இறுக்கியது. கட்டில் காலில் பார்த்த அதே இறுக்கல்.

"கயித்தை விடுங்க சார்" என்று மேடம் கத்தினார். நானும் கத்தினேன். குயில் குரல் திருச்செங்கோடு வரை போயிருக்கும், பக்கத்தில் இருந்த காதுக்குப் போகவில்லை. வலையில் முட்டி போட்டு நகர்ந்து, ஒரு கையால் மாஸ்டைத் தாங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக மறு கையை விரித்தேன். மெதுவாக இறக்கினேன்.

காத்தை இறக்கு.

அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் விட்டிருக்க மாட்டார். கை தானாகத் திறந்தது, கயிறு சரசரவென்று ஓடியது, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் பொத்தென்று தண்ணீரில் உட்கார்ந்தது. மூன்று பேரும் நனைந்தோம். இவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை மெதுவாக எடுத்து, அடுத்த காற்று வந்தபோது நான் காட்டாமலே விட்டார். அதற்கடுத்ததற்கும் விட்டார்.

கரைக்கு வந்ததும் ஜாக்குலின் தலையைத் துவட்டிக்கொண்டே ஈஸ்வரிடம் சொன்னார். "பாதுகாப்புல இவ்வளவு கவனமா இருக்கற ஆளை நான் பாத்ததில்ல. ஆனா காது கேக்கல. தனியா ஓட்ட நான் ஒத்துக்க முடியாது."

பாஸ்போர்ட் கண் முன்னால் வந்து நின்றது.

"இந்தம்மா தினமும் முன்னால உக்காந்து சைகை காட்டுறதா இருந்தா, ரெண்டு பேர் பேரையும் போட்டுக் கையெழுத்துப் போடறேன். உங்களுக்கு நீச்சல் தெரியுமாம்மா?" என்று மேடம் என்னைப் பார்த்தார்.

"கெணத்துல மூணு பனை ஆழம் முழுகி வருவேனுங்க" என்றேன்.

"அக்கா, தினம் வருவீங்களா?" என்றார் ஈஸ்வர்.

இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, பெயிலா?" என்றார். மெதுவாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு. கரையில் மேய்ந்த ஆடு திரும்பிப் பார்த்தது.

நான் அவரைக் காட்டினேன். என்னைக் காட்டினேன். படகைக் காட்டினேன். கட்டைவிரலைத் தூக்கினேன். முப்பத்தொரு வருசம் சொல்லாததைச் சொல்ல அந்த நாலு சைகைதான் என்னிடம் இருந்தது.

அவர் மிதவைச் சட்டைக்குள் கைவிட்டுப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனை எடுத்தார். அங்கேயே நின்று டான்சானியாவுக்குப் போட்டார். காது கேட்காதவர் போன் பேசினால் எப்படிப் பேசுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நான் வரலீங்க" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "இங்கயே வேலை கெடைச்சிருச்சு. என்ற ஊட்டுக்காரி கூடத்தான் வேலை. அவ கையக் காட்டுனாத்தான் எனக்கு வண்டி ஓடுமுங்க."

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கல்லை விட்டு நிமிர்ந்தார்கள். ஈஸ்வர் சிரித்தார். சிரிக்காத மேடமும் சிரித்தார். இவரோ இன்னும் சத்தமாக என்னைப் பற்றியே பேசிக்கொண்டு போனார். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, காத்தை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.