பின்னால் மங்கலாக ஒரு நீலச் சட்டை

காவல் நிலையத்தில் அவளிடம் கேட்டது ஒரே ஒரு படம்தான். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் காவலர், காணாமல் போனவரின் வயது, வேலை, கடைசியாகப் போட்டிருந்த உடை எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, "மூஞ்சி தெளிவாத் தெரியற மாதிரி, சமீபத்துல எடுத்த ஃபோட்டோ ஒண்ணு குடும்மா" என்றார். சொல்லும்போதே அவர் பார்வை இவள் கழுத்தில் தொங்கிய கேமராமேல் போய் நின்றது. இவளிடம் இல்லாத படமா என்று அந்தப் பார்வை கேட்டது.

இவளிடம் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். கையில் கேமரா வந்த நாள் முதல் சோறு தண்ணீர் மறந்து படமெடுத்தவள். தெருக்குழாயில் தொங்கும் சொட்டு, செருப்புத் தைப்பவரின் ஊசி, பேருந்துக் கண்ணாடியில் யாரோ விரலால் வரைந்த கோடு, ஒற்றைக்காலில் தூங்கும் புறா, எல்லாம் இருக்கிறது. பெற்ற அப்பாவின் முகம் மட்டும் கிடையாது. வீட்டில் இருப்பது அவருடைய பழைய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அவருக்குத் தலை நிறைய முடி. பார்த்தால் யாரோ ஒரு பையன் மாதிரி இருப்பார்.

"எப்பப் பாத்தாலும் கேமராவும் கையுமாத்தானேடி சுத்துவ? புறாவை எடுத்த. பூனையை எடுத்த. இந்த மனுஷன் உன் கண்ணுக்கே தெரியலையா?" என்றாள் அம்மா, அத்தனை பேர் முன்னாலும்.

"அங்க அடையாளம் ஏதாவது?" என்று காவலர் கேட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாதான் சொன்னாள்: "இடது காதுக்குக் கீழ மச்சம். வலது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். அந்த இடத்துல முடி இருக்காது." புருவத்தில் வெட்டு இருக்கிற விஷயம் மகளுக்கு அன்றுதான் தெரியும்.

அவள் கெட்ட பெண் இல்லை. அவளுக்கு ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். முதல் வருடத்தில் பேராசிரியர் ஒரு நாள், "எது முக்கியமோ அது மட்டும் பளிச்சுனு தெரியணும். பின்னால இருக்கறதெல்லாம் கரைஞ்சு போகட்டும்" என்று சொன்னார். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். லென்ஸை முழுசாகத் திறந்துவைத்து, கிட்டத்தில் இருக்கும் ஒரு சின்னப் பொருளைக் குறிவைத்தால், பின்னால் இருக்கும் உலகம் முழுக்க வண்ணக் குழம்பாகிவிடும். அந்தக் குழம்பு அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். கல்லூரியில் அவளுக்குப் பெயரே 'ப்ளர்' என்றாகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பெருமையாக. முகங்களை மட்டும் எடுக்கமாட்டாள். முகத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அவள் கட்சி.

அப்பாவையும் ஒரு முறை எடுத்திருக்கிறாள், கைகளை மட்டும். அவர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வெட்டும் மெஷினில் வேலை பார்ப்பவர். அட்டையின் ஓரம் கத்தி மாதிரி கீறும். சின்ன வயதிலிருந்து அவள் பார்த்த அப்பாவின் விரல்களில் எப்போதும் கோடு கோடாகக் காயம் இருக்கும். கல்லூரிக் கண்காட்சிக்காக அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கைகளை நீட்டச் சொன்னபோது, அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என்னப்பா, ஒரு கீறல்கூட இல்ல! இப்படிப் பளபளன்னு இருந்தா உழைக்கிற கைன்னு யார் நம்புவாங்க?"

அப்பா ஒரு நிமிடம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், அடுப்பில் கிடந்த சட்டியின் அடிக்கரியை விரல்களில் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இப்பப் போதுமா பாரு." படம் பிரமாதமாக வந்தது. கண்காட்சியில் அதை நடுச்சுவரில் மாட்டினார்கள். பேராசிரியர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கீறல் ஏன் இல்லை என்று அவள் யோசிக்கவே இல்லை.

இந்த வருடம் கொடுத்த வேலை வேறு. தெரிந்த மனிதர் ஒருவரை, அவர் வேலை செய்யும் இடத்தில் வைத்து, முகத்தோடு எடுத்துவர வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது அவள் அப்பாவிடம் சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் உங்க கம்பெனிக்கு வரேன்."

"வெளியாளுங்கள உள்ள விடமாட்டாங்கம்மா."

"மேனேஜர்கிட்ட நானே பேசிக்கறேன்."

"அங்க ஒரே தூசி. கேமரா கெட்டுப்போயிடும்."

"துடைச்சுக்கறேம்ப்பா. இதென்ன, பொண்ணு பாக்க வர மாதிரி இவ்வளவு கூச்சப்படறீங்க?" என்று அவள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

"மூஞ்சியையும் சேத்தா எடுக்கணும்?" என்றார் அப்பா.

"இந்தத் தடவை மூஞ்சியையும்தான்." அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். பாதிச் சாப்பாடு தட்டிலேயே கிடந்ததை அம்மா பிறகுதான் கவனித்தாள்.

மறுநாள் காலை எப்போதும்போல நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அப்பா கிளம்பினார். மத்தியானம் மகள் கம்பெனி வாசலில் போய் நின்றாள். காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவரா? அவர் போய் மாசக்கணக்கு ஆச்சேம்மா. புது மெஷின் வந்ததும் பழைய ஆளுங்களையெல்லாம் அனுப்பிட்டாங்களே. வீட்ல சொல்லலையா?"

அங்கேயே நின்று அப்பாவின் எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்தது அம்மா. போனை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்று அவர் வீட்டுக்கு வரவில்லை. போனை வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அம்மா எத்தனையோ கேள்விப்பட்டிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் காவல் நிலையத்திலிருந்து திரும்பி வந்து, மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எங்கேயாவது ஒரு படத்தில், ஓரத்திலாவது, அப்பாவின் முகம் விழுந்திருக்காதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். கூடையில் கைவிட்டு அள்ளுகிற மாதிரி படங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் அழகான படங்கள். அவளுக்கு ஒவ்வொன்றையும் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

அம்மா பின்னால் வந்து நின்றாள். திரையில் ஒரு டீ டம்ளர். அதன் விளிம்பில் வெயில். கல்லூரிக்குப் போகும் வழியில், பேருந்து மாறுகிற நிலையத்தில் எடுத்தது. அங்கே அவள் தினமும் படம் எடுப்பாள். கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது.

"நில்லு. அது உங்கப்பா இல்ல?"

"எதும்மா? டம்ளர்தானே இருக்கு?"

"டம்ளருக்குப் பின்னாடி பாருடி." எதிர்ப்பக்க சிமெண்ட் பெஞ்சில் ஒரு நீலக் கறை. அதன் மடியில் ஒரு சிவப்புக் கறை. மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், வெளுப்பாக ஒரு வட்டம். "தோளைப் பாரு. ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. பையை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காரு. எனக்குத் தெரியாதா?"

மகள் அடுத்த படத்துக்குப் போனாள். செருப்பு ஊசிக்குப் பின்னால் நீலக் கறை. புறாவுக்குப் பின்னால் நீலக் கறை. மழை நாளில் ஒரு குடைக்கம்பிக்குப் பின்னால், அதே பெஞ்சில், அதே நீலம். மாதக்கணக்காக அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார், கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக்கொண்டு. எல்லாப் படத்திலும் அந்த வெளுத்த வட்டம் கேமராவின் பக்கமே திரும்பியிருந்தது.

"உன்னையேதான்டி பாத்துட்டு இருந்திருக்காரு" என்றாள் அம்மா. கைகளை எடுத்த படத்தின் தேதியை மகள் தேடிப் பார்த்தாள். வேலை போன பிறகு எடுத்தது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

கடைசியாக எடுத்த படங்கள் அவர் காணாமல் போன அன்று காலையில் எடுத்தவை. சொட்டுகிற குழாய் ஒன்று. அதற்குப் பின்னால் பெஞ்ச் காலி. நீலக் கறை ஒரு பேருந்தின் படியில் ஒரு காலை வைத்திருந்தது. அப்போதும் வட்டம் இவள் பக்கமே திரும்பியிருந்தது. பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பலகை. அதில் எழுத்து இல்லை, நிறம்தான் இருந்தது: மஞ்சளில் நீளமாக ஒரு சிவப்புத் தீற்றல், கொஞ்சம் இடைவெளி, பிறகு குட்டையாக இன்னொன்று. முன்கண்ணாடிக்குக் கீழே கறுப்பாக ஒரு பொட்டு. பெரிதாக்கப் பெரிதாக்க அதுவும் கலைந்தது. மங்கலைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தாள். அது தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை உண்டாக்கிக் காட்டியது. அப்படி ஒரு ஊரே கிடையாது. எந்த அழகுக்காக உலகத்தைக் கரைத்தாளோ, அதே அழகு இப்போது அப்பா போன ஊரையும் கரைத்து வைத்திருந்தது. தன் கேமராவை அவள் அந்த நேரத்தில் வெறுத்தாள்.

பேருந்து நிலையத்து விசாரணைக் கூண்டில் இருந்தவர், "காலையில அந்த வரிசையில ஏழெட்டு வண்டி நிக்கும்மா. மஞ்சள் போர்டு எல்லாத்துலயும் இருக்கு. எதுன்னு சொல்றது?" என்று கையை விரித்துவிட்டார். இது அடுத்த நாள் காலை. அம்மா வீட்டில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் குழாயடிக்குப் போனாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான், அதையே செய்தாள். அன்று நின்ற இடத்திலேயே நின்று, அதே மாதிரி முழங்காலை மடக்கி, லென்ஸை முழுசாகத் திறந்து, குழாயின் மூக்கைக் குறிவைத்தாள். பின்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. எடுத்தாள். பழைய படத்தை போனில் வைத்துக்கொண்டு இரண்டு கறைகளையும் ஒப்பிட்டாள். இது குட்டைத் தீற்றல் மட்டும். இல்லை. அடுத்த வண்டி, தீற்றல் மூன்றாக உடைந்திருந்தது. இல்லை. தண்ணீர் பிடிக்க வந்தவர் ஒருவர், "சொட்டுற குழாயப் போய் எத்தனை தடவை எடுப்ப? ரிப்பேர் பண்ணச் சொல்லும்மா" என்று கிண்டல் செய்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். அடுத்து வந்த வண்டியில் நீளமாக ஒரு தீற்றல், இடைவெளி, குட்டையாக ஒன்று. கண்ணாடிக்குக் கீழே, பழைய படத்தில் இருந்த அதே கறுப்புப் பொட்டு. அவள் பலகையைப் படிக்கக்கூட இல்லை. ஓடிப்போய் ஏறினாள்.

"எங்க போகணும்?" என்றார் நடத்துனர்.

"கடைசி வரைக்கும்." வழியெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜன்னலில் தலையை நீட்டிப் பெஞ்சுகளைப் பார்த்தாள். ரயில் பாதை ஒன்று கூடவே வந்தது. அதைப் பார்க்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை.

கடைசி நிறுத்தம் ஒரு சின்ன ஊர். ஒரு தெரு நிறையக் கிடங்குகள். கடை கடையாக ஏறி, போனில் இருந்த படத்தைக் காட்டினாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "இதுல மூஞ்சியே தெரியலையேம்மா. இதை வெச்சுக்கிட்டு யாரைன்னு தேடறது?"

ஒரு கட்டத்தில் போனைப் பையில் போட்டுவிட்டாள். அடுத்த கடையில் வாயால் சொன்னாள். "ஒரு தோள் சாஞ்சிருக்கும். வலது புருவத்துல வெட்டு. இடது காதுக்குக் கீழ மச்சம். உக்காந்தா பையை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவாரு."

கடைக்காரர் எடை போட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "பையைப் பிடிச்சுட்டு... முந்தா நேத்து வந்தாரே, அட்டை வெட்டத் தெரியும், வேலை இருக்கான்னு? ஒவ்வொரு கிடங்கா ஏறி இறங்கினாரு. யாரும் சேத்துக்கல. அந்தக் கடைசிக் கொட்டகைக்குப் பின்னாடிதான் ரெண்டு நாளா உக்காந்திருக்காரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாரு."

கொட்டகைக்குப் பின்னால் காலிப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. அதன் நடுவே, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை அழுக்காகியிருந்தது. மடியில் சிவப்புப் பை. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், அவளைப் பார்ப்பதற்குள் அவள் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டார். பையை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை இறுக மூடிக்கொண்டார். "எடுக்காதம்மா" என்றார் உள்ளேயிருந்து. "இங்க எனக்கு வேலை எதுவும் இல்லம்மா. எடுக்காத."

"எடுக்கலப்பா." கேமராவைக் கழற்றி அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் திணித்து, பையைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கைகளில் கரி இல்லை, கீறல் இல்லை. அவர் தோள் குலுங்கியது. என்ன சொன்னாலும் அந்தக் கைகள் இறங்கவில்லை. அவர் முழங்காலைத் தொட்டாள், அப்போதும் இறங்கவில்லை.

போன் அடித்தது. அம்மா. "என்னடி ஆச்சு? ஆளு கிடைச்சாரா?"

"கிடைச்சுட்டாரும்மா. எதிர்லதான் இருக்காரு."

"அவர்தானா? மூஞ்சியை நல்லாப் பாத்தியா?"

அவள் அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். இடுக்கில் ஈரம் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னும் இல்லம்மா" என்றாள். "கையை எடுக்கட்டும். எத்தனை நேரமானாலும் இருந்து பாத்துட்டே வரேன்."