ஓரத்துச் சிப்பாய்

எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு புரியாமல் போனதும் பள்ளியை விட்டேன். பிறகு ஓட்டல், செங்கல் சூளை, லாரி என்று போன இடத்திலெல்லாம் கை ஓரளவு பழகும். அதற்கு மேல் ஏறாது என்று தெரிந்ததும் பையைத் தூக்கிவிடுவேன். பழவேற்காட்டுக்கு ஐஸ் உடைக்க வந்தபோது செஸ் என்னைப் பிடித்துக்கொண்டது. படகு இன்ஜின் பழுது பார்க்கும் பாய் ஒருவர் கடை வாசலில் பலகை வைத்திருந்தார். ஏலம் முடிந்து மீன் பெட்டிகள் போனதும் அவருக்கு எதிரே உட்காருவேன்.

முதல் நான்கு மாதத்தில் அவரை மூன்று முறை ஜெயித்தேன். அடுத்த ஆறு மாதத்தில் ஒரு முறைகூட இல்லை. தோற்பது எனக்குப் பழக்கம்தான். என் புத்தி இவ்வளவுதானா என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. அது தெரியாமலே பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவேனோ என்றும் இருந்தது.

ஏரியில் இறால் பிடிக்கும் ஒருவர் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவார். ஏரியில் நல்ல இடமும் மோசமான இடமும் முறை வைத்து ஆளாளுக்கு மாறி வரும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு இல்லாத நாட்களில் அவர் கடையிலேயே கிடப்பார்.

ஒரு நாள் வழக்கம்போல் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன்.

"இன்னா தலைவா, தெனமும் அதே எடத்துல வலை கட்றே? ஏரிய உன் பேர்ல எழுதி வச்சிக்கிறாங்களா?" என்றார் அவர்.

"எனக்கு வர்றது அதான்."

பாய் சிரித்தார். "அவன் சொல்றது நெசம்பா. மொத பத்து காய் நவுத்தற வரைக்கும் நான் யோசிக்கறதே இல்ல. டீ சொல்லினு இருப்பேன்."

முதலில் நகரும் வெள்ளைக் காய்களை அவர் எப்போதும் எனக்கே விட்டுக்கொடுப்பார். ஆறு மாதமாக ஒரே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

இறால்காரர், பாயின் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து என்னைப் பத்துச் சீட்டு எழுதவைத்தார். எட்டுச் சிப்பாய், இரண்டு குதிரை. எந்தச் சீட்டு வருகிறதோ அந்தக் காயைத்தான் நான் முதலில் நகர்த்த வேண்டும். இரண்டு வாரம் கேவலமாகத் தோற்றேன். ஆனால் தினமும் வேறு மாதிரி தோற்றேன். ஐஸ் உடைக்கும்போது முந்தின நாள் ஆட்டம் தானாக மனதில் ஓடியது. முன்பு அப்படி ஓடியதில்லை.

பிறகு ஒரு நாள், யானைக்கு முன்னால் நிற்கும் ஓரத்துச் சிப்பாய் வந்தது. உருப்படாத காய்.

"வேற சீட்டு எடுக்கறேன்."

"அதெல்லாம் நடக்காது. மோசமான எடம் உழுந்தா நான் இன்னா வூட்லயா பட்த்துக்கறேன்? போய்க் கட்டு."

தள்ளினேன். பாய் டீ சொல்லவில்லை. இன்ஜினோடு வந்த ஒருவர் காத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார். கடைசியில் பாயிடம் ராஜா மட்டும். என்னிடம் ராஜாவும் அதே ஓரத்துச் சிப்பாயும். அது கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணியாகிவிடும். ஆனால் பாயின் ராஜா மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. விரட்டவும் வழியில்லை, நெருக்கினால் நகர இடமில்லாமல் ஆட்டம் சமனாகிவிடும். சமனாகத்தான் ஆனது.

"இதே சிப்பாய் நடுவுல இருந்திருந்தா ராணி ஆயிருக்குமா பாய்?"

பாய் தாடியைச் சொறிந்தார். "தெரியலியேபா. வச்சுப் பாரு."

இறால்காரர் எழுந்து லுங்கியை உதறினார். "நாளிக்கு எனக்குப் பாடு. நாளான்னிக்கு வருவேன். அதுக்குள்ள கண்டுபுடி."

சிப்பாயை நடுக்கட்டத்துக்கு மாற்றினேன். என் ராஜாவை அதன் பின்னால் நிறுத்தி ஆடிப் பார்த்தேன், ராணி ஆகவில்லை. எடுத்து முன்னால் நிறுத்தினேன்.